பெரிய இன்டர்வியூவுக்கு முதல் சொலிசிட்டரோடு என்னென்ன செய்து முடிக்க வேணும்? (பிரித்தானியா, இலங்கைத் தமிழர் அசைலம்)

பனங்காய்:

வணக்கம். தெரிந்த ஒருவருக்காகக் கேட்கிறேன். மாணவர் விசாவில் வந்தவர், விசா முடிய முதலே அசைலம் (புகலிடம்) கேட்டுவிட்டார். ஸ்க்ரீனிங் (பதிவுக்கான முதல் சிறு நேர்காணல்) முடிந்தது, ஏ.ஆர்.சி. கார்ட் (அசைலம் கேட்டவருக்கான அடையாள அட்டை) கையில் இருக்கு. லீகல் எய்டில் (அரச செலவிலான சட்ட உதவி) ஒரு சொலிசிட்டர் (சட்டத்தரணி) கிடைத்திருக்கிறார். பெரிய இன்டர்வியூவுக்கு (முழுக் கதையையும் கேட்கும் நேர்காணல்) இன்னும் திகதி வரவில்லை. ஊரில் ஒருமுறை பிடித்து வைத்து விசாரித்தவர்கள், உடம்பில் தழும்பு இருக்கு. இங்கே வந்த பிறகு ஆர்ப்பாட்டங்களுக்குப் போகிறார்.

ஸ்டேட்மென்ட் (எழுத்து வாக்குமூலம்) எவ்வளவு விபரமாக இருக்க வேணும்? ஊரிலிருந்து என்ன கடிதங்கள் எடுக்கலாம்? ஸ்க்ரீனிங்கில் "ஆமி பிடிச்சது" என்று சொல்லியிருக்கிறார், உண்மையில் வந்தது சிவில் உடுப்பில் சி.ஐ.டி. மாதமும் பிழையாகப் பதிவாகியிருக்கு. இதைத் திருத்த முடியுமா? இன்னொரு விஷயம், "கேஸை வடிவா எழுதித் தாறன்" என்று ஒருத்தர் 1,500 பவுண்ஸ் கேட்கிறார். லீகல் எய்ட் லோயர் கவனிக்கமாட்டார் என்கிறார். கொடுக்கலாமா?

கறுத்தக்கொழும்பான்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்க வேண்டாம். சொலிசிட்டர் போன்ற தகுதிபெற்ற சட்டத்தரணியாகவோ, குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் (2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்தது) பதிந்தவராகவோ இல்லாத ஒருவர் காசுக்கு அசைலம் ஆலோசனை சொல்வதே இங்கே குற்றம். சொலிசிட்டர் என்றால் எஸ்.ஆர்.ஏ. (சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் சபை) இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பதிந்த ஆலோசகர் என்றால் அசைலம் கேஸ் செய்யக் குறைந்தது லெவல் 2, அப்பீலில் வாதாட லெவல் 3 இருக்க வேணும். இதைவிடப் பெரிய ஆபத்து "வடிவா எழுதின" கதைதான். ஒரே ஆள் 20 பேருக்கு எழுதினால் 20 பேருக்கும் ஒரே வெள்ளை வான் கடத்தல், ஒரே கம்பி, ஒரே மாமா காசு கட்டி எடுத்த கதை. அதை ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) அதிகாரி ஏற்கெனவே 19 தரம் வாசித்திருப்பார். உண்மையாகவே வானில் ஏற்றப்பட்டவரின் கேஸும் அதனால் அடிபடும்.

சொலிசிட்டரிடம் மறைக்கவும் வேண்டாம். அவரிடம் சொல்வது அவருக்கும் உங்களுக்கும் இடையில்தான். ஆனால் பொய் என்று தெரிந்துகொண்டே ஒன்றை அவர் முன்வைக்க முடியாது, அப்படி ஒரு நிலை வந்தால் கேஸை விட்டு விலகுவார். இயக்கத்தில் (புலிகளில்) இருந்தது, புனர்வாழ்வுக்கு (முன்னாள் போராளிகளை அரசு தடுத்து வைத்த திட்டம்) போனது, போகாமல் ஒளித்தது, முந்தி வேறொரு நாட்டு விசாவுக்குப் போட்டது எல்லாம் முதல் நாளே அவர் மேசைக்கு வர வேணும். எது எங்கே எப்படி வரும் என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

லீகல் எய்டில் ஆரம்பக் கட்ட வேலைக்குப் பெரும்பாலும் நிர்ணயித்த கட்டணம்தான். அதனால் சொலிசிட்டருக்கு உங்களோடு இருக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. வெறுங்கையோடு போய் இருந்தால் முதல் சந்திப்பு பிறந்த இடம், பள்ளிக்கூடம் எழுதுவதிலேயே முடிந்துவிடும். போக முதல் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் ஒரு கால அட்டவணை எழுதிக் கொண்டு போகச் சொல்லுங்கள்: பிறந்தது, இடம்பெயர்ந்த இடங்கள், முகாம், படிப்பு, வேலை, ஒவ்வொரு பிடிப்பும் விடுப்பும், பாஸ்போட் எடுத்தது, விசா, பயணம், இங்கே வந்த பிறகு ஊரில் வீட்டுக்கு யார் எப்போது தேடி வந்தார்கள். சரியான திகதி நினைவில்லை என்றால் "தேர்த் திருவிழாவுக்கு முதல் கிழமை", "ஓ.எல். சோதனை முடிந்த பிறகு" என்று எழுதினால் போதும். ஊகித்து ஒரு திகதி போடுவதுதான் கெடுதல். இன்டர்வியூவில் அதே ஊகம் திரும்ப வராது.

ஸ்டேட்மென்ட் எண் போட்ட பந்திகளாக இருக்கும். நீளம் முக்கியமில்லை, எங்கே விரிகிறது என்பதுதான் முக்கியம். சிறுவயதும் இடப்பெயர்வும் நாலைந்து பந்தியில் போய்விடலாம். பிடிபட்ட பகுதி மட்டும் ஆற அமர வர வேணும்: எத்தனை பேர் வந்தது, என்ன உடுப்பு, என்ன மொழி, என்ன வாகனம், கண் கட்டினதா, எவ்வளவு நேர ஓட்டம், அறை எப்படி, எத்தனை தரம் விசாரணை, என்ன கேட்டார்கள், எதைக் கொண்டு அடித்தார்கள், சிங்களத்தில் எழுதின தாளில் கையெழுத்து வாங்கினதா, கைரேகையும் படமும் எடுத்ததா, யார் எவ்வளவு காசு யாருக்குக் கொடுத்து எடுத்தது, விட்ட பிறகு போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததா. "என்ன கேட்டார்கள்" என்ற பகுதியைப் பலர் ஒரு வரியில் விட்டுவிடுகிறார்கள். அதில்தான் அவர்கள் இவரை யாராகப் பார்த்தார்கள் என்பது இருக்கு. சட்டத்துக்குத் தேவை அதுதான்.

முடிந்ததும் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேணும். "சரி, சரி" என்று தலையாட்டிக் கையெழுத்து வைக்கக் கூடாது. திருத்தம் இருந்தால் அன்றைக்கே. வாசித்துக் காட்டிய மொழிபெயர்ப்பாளரின் உறுதிக் குறிப்பும் கடைசியில் இருக்க வேணும். ஒரு பிரதி கையில் இல்லாமல் ஒபிஸை விட்டு வெளியே வர வேண்டாம்.

துலா:

மாதம் பிழைத்ததற்குக் காரணம் நான் சொல்லட்டா? நாங்கள் "ஆடி" என்றால் ஜூலை. ஜனவரி தை, பெப்ரவரி மாசி என்று ஆங்கில மாதத்துக்கே தமிழ்ப் பெயரைச் சொல்லிப் பழகியவர்கள். தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளருக்கு ஆடி ஜூலை நடுவில் தொடங்கி ஓகஸ்ட் நடுவில் முடியும். அவர் "ஜூலை-ஓகஸ்ட்" என்பார், அல்லது ஓகஸ்ட் என்றே சொல்லிவிடுவார். இன்டர்வியூவில் "ஏழாம் மாசம்" என்று எண்ணில் சொல்லச் சொல்லுங்கள்.

இதே வகையில் இன்னும் சில. "மச்சான்" என்றால் எங்களுக்கு மாமா மகனும் மச்சான், தங்கச்சி புருஷனும் மச்சான், கூடப் படித்தவனும் மச்சான். பெரியப்பா மகன் "அண்ணா". ஸ்க்ரீனிங்கில் சகோதரர் இரண்டு பேர், ஸ்டேட்மென்டில் மூன்று அண்ணாமார் என்றால், குடும்ப விபரத்திலேயே முரண் என்று மறுப்புக் கடிதத்தில் வரும். "இயக்கம்", "பெடியள்", "காம்ப்", "உதவி செய்தனான்" எல்லாமே ஆபத்தான சொற்கள். எந்த இயக்கம், யாருடைய காம்ப், சாப்பாடு கொடுத்த உதவியா சாமான் கடத்தின உதவியா என்று ஒவ்வொரு தரமும் முழுசாகச் சொல்ல வேணும். "ஆமி" பிரச்சினையும் இதுதான். ஊரில் துவக்கோடு வந்த எல்லாரையும் ஆமி என்றே சொல்லிப் பழக்கம்.

திருத்தலாம், திருத்த வேணும், அதுவும் இன்டர்வியூவுக்கு முதல். ஸ்க்ரீனிங் பதிவின் பிரதியை வரி வரியாகத் தமிழில் வாசித்து, பிழை எல்லாவற்றையும் கேள்வி எண்ணோடு எழுதி, சொலிசிட்டர் ஒரே கடிதமாக ஹோம் ஒபிஸுக்கு அனுப்ப வேணும். பிழை எப்படி வந்தது என்ற காரணமும் அதில் இருக்கட்டும். ஸ்க்ரீனிங் என்பது முழுக் கதை சொல்லும் இடமில்லை, அங்கே விபரம் விடுபட்டதை வைத்து ஆளை மட்டம் தட்டக்கூடாது என்று 2004 இல் வை.எல். என்ற சீனர் ஒருவரின் கேஸில் ட்ரிபியூனல் (அப்பீலை விசாரிக்கும் தீர்ப்பாயம்) சொல்லியிருக்கிறது. ஆனால் விடுபட்டது வேறு, நேரெதிராகச் சொன்னது வேறு. ஆமி என்றும் சி.ஐ.டி. என்றும் இரண்டு விதமாகப் பதிவானது இரண்டாவது வகை. அதை அதிகாரி கண்டுபிடித்துக் கேட்ட பிறகு விளக்குவதை விட, நாங்களே முந்திச் சொன்னால் மதிப்பு.

மாணவர் விசாவில் வந்தவர் என்றால் இன்னொரு கடதாசியும் இருக்கு. அந்த விசா விண்ணப்பம் ஹோம் ஒபிஸிடம் உண்டு. வேலை, குடும்பம், வங்கிக் காசு, பயண வரலாறு எல்லாம் ஏஜென்ட் நிரப்பியிருப்பார், இவருக்கு என்ன எழுதியிருக்கு என்றே தெரியாது. "அந்தக் காலத்தில் இந்தக் கம்பனியில் வேலை செய்ததாகப் போட்டிருக்கிறீர், பிறகு எப்படித் தடுப்பில் இருந்தீர்?" என்று கேட்டால் முழி பிதுங்கும். அதனால் தரவு கேட்கும் விண்ணப்பம் ஒன்றைச் சொலிசிட்டர் போட்டு முழுக் கோப்பையும் எடுப்பது நல்லது. காசு இல்லை, ஆனால் நாள் எடுக்கும், ஆகவே இப்பவே. கட்டுநாயக்கா விமான நிலையத்தால் சொந்தப் பாஸ்போட்டில் எப்படி வெளியேறினார் என்ற கேள்வியும் கட்டாயம் வரும். ஏஜென்ட் என்ன செய்தார் என்று தெரிந்ததை மட்டும் சொல்ல வேணும். தெரியாததற்குக் கதை கட்ட வேண்டாம்.

ஊர்க் கடிதங்கள் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமை. ஜே.பி. (சமாதான நீதவான்) கடிதம், கிராம சேவகர் கடிதம், எம்.பி. கடிதம், பாதர் கடிதம் நாலும் ஒரே வசனத்தில் "இவர் உயிருக்கு ஆபத்து என அறிகிறேன்" என்று வந்தால் நாலும் சேர்ந்து பூச்சியம். எழுதுபவர் தனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் எழுத வேணும்: எந்தத் திகதியில் தாய் தன்னிடம் வந்து அழுதார், தான் எந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார், என்ன பதில் கிடைத்தது. அடையாள அட்டைப் பிரதி, தொடர்பு எண், அசல் கடிதம், வந்த தபால் உறை எல்லாம் பத்திரம். அந்தந்த நேரத்தில் உண்டான கடதாசிதான் கனம்: மனித உரிமை ஆணைக்குழு முறைப்பாட்டு இலக்கம், செஞ்சிலுவைச் சங்கப் பதிவு, ஆஸ்பத்திரிக் கிளினிக் துண்டு, புனர்வாழ்வு விடுவிப்புக் கடிதம்.

நீதிமன்றக் கோப்பு இருந்தால் அங்கேயுள்ள சட்டத்தரணி மூலம் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். வழக்கு இலக்கம், எடுத்த திகதி, கட்டிய பற்றுச்சீட்டு, அவர் எப்படிப் பெற்றார் என்ற கடிதம், அவருடைய பதிவு விபரம் எல்லாம் கூடவே வர வேணும். 2014 இல் பி.ஜே. என்ற இலங்கையரின் கேஸில், சட்டத்தரணிகள் நீதிமன்றத்திலிருந்து தனித்தனியாகப் பெற்ற ஆவணங்களைக் காரணமில்லாமல் ஒதுக்க முடியாது என்று இங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மற்றப்பக்கம், பொலிஸ் தங்களுக்குள் வைத்திருக்கும் பிடியாணையின் அசல் எப்படி வீட்டுக்கு வந்தது என்று விளக்க முடியாவிட்டால் அதைக் கொடுக்கவே வேண்டாம். ஒரு போலித் தாள் போதும், மற்ற உண்மைத் தாள்களையும் இழுத்து விழுத்தும். 2002 இலிருந்து தன்வீர் அகமது கேஸ்தான் அடிப்படை: ஆவணம் போலி என்று ஹோம் ஒபிஸ் நிரூபிக்கத் தேவையில்லை, நம்பலாம் என்று காட்டுவது விண்ணப்பித்தவர் பொறுப்பு.

எல்லாத் தமிழ், சிங்களத் தாளுக்கும் முழு மொழிபெயர்ப்பு வேணும். மொழிபெயர்ப்பாளர் பெயர், தகைமை, திகதி, "சரியான மொழிபெயர்ப்பு" என்ற உறுதி, கையெழுத்து எல்லாம் இருக்க வேணும். சீல் எழுத்தும் பின்பக்கமும் மொழிபெயர்க்கப்பட வேணும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறது.

பனங்காய்:

மிக்க நன்றி அண்ணை, அக்கா. ஏஜென்ட் நிரப்பின விசா ஃபோர்மை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. தழும்பு பற்றிச் சொல்லுங்கோ, ஜி.பி.யின் (குடும்ப வைத்தியர்) கடிதம் போதுமா? மற்றது, ஆர்ப்பாட்டப் படங்கள் ஃபேஸ்புக்கில் நிறைய இருக்கு, சிலதில் கொடியும் தெரியுது. எல்லாத்தையும் பிரின்ட் எடுத்துக் கொடுக்கலாமா?

வாய்க்கால்:

கொடியோடு உள்ள படத்தைச் சொலிசிட்டர் பார்க்காமல் எங்கேயும் கொடுக்க வேண்டாம். புலிகள் அமைப்பு 2001 இலிருந்து இங்கே தடை. தடைசெய்த அமைப்பின் சின்னத்தை ஆதரவு என்று சந்தேகம் வரும் விதத்தில் பொது இடத்தில் காட்டுவது பயங்கரவாதச் சட்டத்தின் 13 ஆம் பிரிவில் குற்றம். படம் கேஸுக்கு உதவவும் கூடும், வேறு தொல்லை தரவும் கூடும். அந்த முடிவு சொலிசிட்டருடையது.

ஃபேஸ்புக்கில் தெரிந்தெடுத்த பக்கங்களைப் பிரின்ட் எடுத்துக் கொடுப்பதில் இப்போது பெரிய பயன் இல்லை. 2022 இல் எக்ஸ்.எக்ஸ். என்ற ஈரானியர் கேஸில் மேல் ட்ரிபியூனல் இதை விரிவாகப் பார்த்தது. பிரின்ட்டை மாற்றுவது சுலபம், ஆகவே கணக்கின் முழுத் தரவையும் தரவிறக்கிக் கொடுத்தால்தான் கனம் என்றது. அது ஈரான் கேஸ் என்றாலும் இலங்கைக் கேஸ்களிலும் அதே கேள்விதான் வரும். கணக்கு எப்போது தொடங்கியது, பதிவு எப்போது போட்டது, பொதுவில் தெரிந்ததா நண்பர்களுக்கு மட்டுமா என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். அசைலம் போட்ட மறுநாள் தொடங்கிய கணக்கு என்றால் அதுவும் இருக்கும்.

சட்டத்தில் இவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் எதைச் சேகரிப்பது என்பது அதில்தான் தங்கியிருக்கு. தமிழர் என்பதாலோ, முந்தி ஒருமுறை பிடிபட்டதாலோ மட்டும் இப்போது அசைலம் கிடைக்காது. இலங்கைக் கேஸ்களுக்கு வழிகாட்டித் தீர்ப்பு இரண்டு: 2013 இன் ஜி.ஜே., அதை 2021 இல் தெளிவாக்கிய கே.கே.யும் ஆர்.எஸ்.உம். இலங்கை அரசு யாரைத் தேடுகிறது என்பதை இவை வகை வகையாகச் சொல்கின்றன. புலம்பெயர் பிரிவினை அரசியலில் குறிப்பிடத்தக்க பங்கு உள்ளவர், அல்லது உள்ளவராகக் கருதப்படுபவர் ஒரு வகை. நீதிமன்றக் கட்டளை அல்லது பிடியாணை காரணமாக விமான நிலையத் தடுப்புப் பட்டியலில் பெயர் உள்ளவர் இன்னொரு வகை. தடுப்புப் பட்டியலும் கண்காணிப்புப் பட்டியலும் ஒன்றில்லை. முதலாவதில் இருந்தால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். இரண்டாவதில் இருந்தால் ஊருக்குப் போன பிறகு கவனிப்பார்கள், அந்தக் கவனிப்பே எல்லாருக்கும் துன்புறுத்தலாகாது.

"குறிப்பிடத்தக்க பங்கு" என்றால் மேடையில் நிற்கும் தலைவர் என்று அர்த்தமில்லை, 2021 தீர்ப்பு அதைத் தெளிவாகவே சொல்கிறது. எந்த அமைப்பு, அது இலங்கையில் தடையா, என்ன வேலை, எவ்வளவு காலம், எவ்வளவு அடிக்கடி, ஊரில் பழைய தொடர்பு, குடும்பத்தில் இயக்கத் தொடர்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேணும். ஆகவே 60 படம் கொடுப்பதை விட ஒரு அட்டவணை மேல்: திகதி, இடம், ஒழுங்குசெய்த அமைப்பு, இவர் செய்த வேலை (கூட்டத்தில் நின்றாரா, துண்டுப்பிரசுரம் கொடுத்தாரா, ஒலிபெருக்கி பிடித்தாரா), ஆதாரம் எத்தனையாம் பக்கம். அமைப்பிலிருந்து கடிதம் என்றால் எழுதுபவர் ட்ரிபியூனலுக்கு வந்து சாட்சி சொல்லத் தயாரா என்று முதலே கேட்டுவிடுங்கள். வராதவரின் கடிதம் பாதிக் கடிதம்.

கேஸுக்காகத்தான் போகிறார் என்று ஹோம் ஒபிஸ் சொல்லும். கேஸுக்காகப் போனாலும் ஆபத்து ஆபத்துதான். ஆனால் உண்மையான நம்பிக்கை என்றால் இன்னொரு வழியும் திறக்கும்: ஊருக்குப் போய் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமே என்று சொல்ல முடியாது. 2010 இல் உச்ச நீதிமன்றம் எச்.ஜே. என்ற ஈரானியர் கேஸில் சொன்ன கொள்கை அது. பிரிவினை நம்பிக்கைக்கும் அது பொருந்தும் என்பது 2021 தீர்ப்பில் உண்டு. ஆகவே ஏன் இந்த அரசியல், எப்போதிலிருந்து என்பதற்கு ஸ்டேட்மென்டில் நாலு பந்தியாவது வேணும்.

2022 ஜூன் 28 இலிருந்து போட்ட கேஸ்களுக்குப் புதுச் சோதனை. இவர் எந்தக் காரணத்தால் பயப்படுகிறார், உண்மையிலேயே பயப்படுகிறாரா என்பதைப் "பெரும்பாலும் உண்மை" என்ற அளவுக்கு, அதாவது பாதிக்கு மேல், காட்ட வேணும். முந்தி இதற்கும் தாழ்ந்த அளவுகோல்தான். போனால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டும் இன்னும் பழைய தாழ்ந்த அளவுகோல். "சந்தேகத்தின் பலனைத் தருவார்கள்" என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

இயக்கத்தில் இருந்தவர் என்றால் அகதிகள் உடன்படிக்கையின் விலக்குப் பிரிவு, 1எஃப் (பாரிய குற்றம் செய்தவருக்கு அகதிப் பாதுகாப்பு இல்லை என்பது), பற்றியும் பேச வேணும். உறுப்பினர் என்பதற்காக மட்டும் விலக்க முடியாது, போர்க்குற்றம் போன்றவற்றுக்கு இவர் அறிந்து, விரும்பி, குறிப்பிடத்தக்க அளவில் பங்களித்தாரா என்பதுதான் கேள்வி (ஜே.எஸ்., உச்ச நீதிமன்றம், 2010). கேஸைப் பலப்படுத்துவதாக நினைத்துப் பதவியைப் பெருப்பித்துச் சொல்பவர்கள் தாங்களே இந்தக் குழிக்குள் இறங்குகிறார்கள்.

தழும்புக்கு ஜி.பி. கடிதம் போதாது. பத்து நிமிடத்தில் பார்த்து "தழும்பு உண்டு" என்று எழுதுவதால் ஒன்றும் ஆகாது. இஸ்தான்புல் நெறிமுறைப்படி (சித்திரவதைக் காயங்களைப் பதிவு செய்வதற்கான ஐ.நா. வழிகாட்டி) பயிற்சி பெற்ற மருத்துவர் எழுதும் சட்டமருத்துவ அறிக்கை வேணும். அதில் ஒவ்வொரு தழும்பையும் ஐந்து படியில் ஒன்றில் வைப்பார்கள்: பொருந்தாது, பொருந்தும், மிகவும் பொருந்தும், இவ்வகைக் காயத்தில் வழக்கமாகக் காணப்படுவது, வேறெதனாலும் வந்திருக்க முடியாது. வேறு காரணங்கள் இருக்கக்கூடுமா என்றும் எழுதியிருக்க வேணும். தானாகவோ தன் விருப்பத்தில் இன்னொருவராலோ போட்ட தழும்பு என்ற வாதம் இலங்கைக் கேஸ் ஒன்றில் உச்ச நீதிமன்றம் வரை போனது (கே.வி., 2019), அதில் மனுதாரர் பக்கம்தான் தீர்ப்பு. ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் இரண்டும் இந்த அறிக்கை எழுதும் அமைப்புகள், சொலிசிட்டர்தான் அனுப்ப வேணும். தனியார் நிபுணர் என்றால் லீகல் எய்டில் முன்னனுமதி எடுக்க வேணும். மாதக்கணக்கில் போகும். ஆகவே அறிக்கை வருகிறது, அதுவரை முடிவெடுக்க வேண்டாம் என்று ஹோம் ஒபிஸுக்கு எழுத்தில் கேட்டு வைக்க வேணும்.

ஆனால் ஜி.பி.யில் பதிய வேணும், இன்றைக்கே. நித்திரை இல்லை, கனவு, மறதி என்று இருந்தால் சொல்ல வேணும். அந்தப் பதிவுகளை மருத்துவரும் பார்ப்பார், ஹோம் ஒபிஸும் பார்க்கும். இரண்டு வருஷம் தலையிடி மட்டும் சொல்லிவிட்டுக் கேஸ் மறுத்த பிறகு "சித்திரவதை" என்றால் எடுபடாது.

கறுத்தக்கொழும்பான்:

வாய்க்கால் சொன்னதோடு இன்டர்வியூ அன்றைக்குரியதைச் சேர்க்கிறேன். வயது வந்தவர்களுக்கு லீகல் எய்ட் லோயர் வழக்கமாகக் கூட வரமாட்டார், ஒலிப்பதிவு இருக்கும். அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் ஆணாக வேணுமா பெண்ணாக வேணுமா, மொழிபெயர்ப்பாளர் இலங்கைத் தமிழ் தெரிந்தவராக வேணும் என்பதை முதலே எழுத்தில் கேட்கலாம். தொடக்கத்தில் "மொழிபெயர்ப்பாளர் விளங்குதா" என்று கேட்பார்கள். விளங்காவிட்டால் அப்பவே சொல்ல வேணும், பதிவில் ஏற வேணும். மருந்து எடுக்கிறார் என்றால் அதையும். தெரியாது, நினைவில்லை என்பவை பதில்கள்தான்.

முடிந்த பிறகு எழுத்துப் பிரதியைச் சொலிசிட்டரோடு இருந்து வாசித்துத் திருத்தமும் மிச்ச ஆவணமும் அனுப்ப வேணும். அதற்குப் பொதுவாக 5 வேலை நாள்தான் தருவார்கள், அதனால் இன்டர்வியூ திகதி வந்த அன்றே சொலிசிட்டரோடு அதற்கும் ஒரு நேரம் பிடித்து வையுங்கள். மறுத்தால் அப்பீலுக்கு 14 நாள். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்தல்ல, அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து. முகவரி மாறினால் ஹோம் ஒபிஸுக்கும் சொலிசிட்டருக்கும் இரண்டு பேருக்கும் அறிவிக்க வேணும். ஒருவருக்கு அறிவித்தால் மற்றவருக்குத் தானாகப் போகாது.

பனங்காய்:

இன்னொன்று. பாஸ்போட் முடியப் போகுது. தூதரகத்தில் புதுப்பிக்கலாமா என்று கேட்கிறார்.

துலா:

வேண்டாம் தம்பி. எந்த அரசிடமிருந்து பாதுகாப்புக் கேட்கிறாரோ அதே அரசின் கவுண்டரில் போய் ஃபோர்ம் நிரப்பினால், பயமில்லை என்று அவரே எழுதிக் கொடுத்த மாதிரி. முடிந்தால் முடியட்டும். ஏற்கெனவே போயிருந்தால் என்றைக்கு, எதற்கு, யார் கூட்டிக்கொண்டு போனது என்று சொலிசிட்டரிடம் நாளைக்கே சொல்லச் சொல்லுங்கோ.